ஒரு ஹெட்போன் எப்படிக் கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்தது?

1997-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 600 என்றொரு ஹெட்போனைக் கொண்டுவந்தது. அதே வருடம் வந்த செல்போனையோ கணினியையோ இன்று யாரும் அன்றாடம் பயன்படுத்துவதில்லை. எச்.டி. 600 இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. நிறம் மாறியது, பெட்டி மாறியது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு ஏறக்குறைய அதேதான். அமெரிக்கச் சந்தையில் பல வருடங்களாக 400 டாலரை ஒட்டி விற்ற இதை, 4,000 டாலர், 6,000 டாலர் ஹெட்போன்களை மதிப்பிடுகிறவர்கள் இன்றும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். பத்து மடங்கு காசு கொடுத்தால் இரண்டு மடங்காவது நன்றாகக் கேட்க வேண்டாமா? என் பதில் இதுதான்: குரலும் வாத்தியமும் இயல்பாகக் கேட்பதற்கு வேண்டியதை இந்த விலைக்குள்ளேயே செய்து முடிக்கலாம் என்பதை எச்.டி. 600 அப்போதே காட்டிவிட்டது. அதற்கு மேல் போகும் பணம் வேறு விஷயங்களை வாங்கித் தருகிறது. அந்த விஷயங்களும் உண்மையானவைதான், அவற்றில் சில எனக்கு ரொம்பவே பிடிக்கும். ஆனால் எந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைவது நல்லது.

கொஞ்சம் பின்னாலிருந்து வரலாம். ஹெட்போன் முதலில் பாட்டு கேட்கப் பிறந்ததில்லை. 1910-ஐ ஒட்டி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் பால்ட்வின் செய்த ஜோடிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. ரேடியோ செய்திகளைக் கேட்பதற்காக. இசைக்கென்று ஸ்டீரியோ ஹெட்போன் வந்தது 1958-இல், மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் கையால். அவை எல்லாம் காதை இறுக்கி அடைக்கும் மூடிய கிண்ணங்கள். 1968-இல் சென்ஹைசரின் எச்.டி. 414 வந்ததும் கதை மாறியது. கிண்ணத்தின் பின்பக்கம் திறந்தே இருந்தது, காதின் மேல் வெறும் மஞ்சள் நுரை. இந்த ஒரு மாடல் 1 கோடிக்கும் மேல் விற்றது.

பின்பக்கத்தைத் திறந்து விடுவதில் என்ன இருக்கிறது? ஹெட்போனின் டிரைவரில் ஒரு மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. முன்பக்கம் எழும் ஒலி காதுக்குப் போகிறது. அதே அளவு ஒலி பின்பக்கமும் எழுகிறது. கிண்ணம் மூடியிருந்தால் அந்தப் பின்ஒலி சுவரில் மோதித் திரும்பி, சவ்வு வழியாகவே ஊடுருவிக் காதுக்கு வந்து சேரும். சில சுரங்கள் வீங்கும், சில அமுங்கும். நுரை, கம்பளி என்று என்னென்னவோ அடைத்து அதைக் கட்டுப்படுத்தத்தான் மூடிய ஹெட்போன் செய்கிறவர்கள் பாதிப் பாடுபடுகிறார்கள். பின்பக்கம் திறந்திருந்தால் அந்த ஒலி வெளியே போய்விடுகிறது, தொல்லை விட்டது. பதிலுக்கு வெளிச்சத்தம் அத்தனையும் உள்ளே வரும், நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இன்றைக்கும் விலையுயர்ந்த, வீட்டில் உட்கார்ந்து கேட்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை இப்படிப் பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக் வகைதான்.

1991-இல் சென்ஹைசர் விலையைப் பற்றிக் கவலையே படாமல் ஆர்ஃபியஸ் என்ற எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனை (மின்புலத்தால் சவ்வை அசைக்கும் வகை), அதற்கென்றே செய்த வால்வு ஆம்பிளிஃபயரோடு (பழைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) சேர்த்து 300 ஜோடி மட்டும் செய்தது. 1993-இல் சாதாரண மனிதர்கள் வாங்கக்கூடிய எச்.டி. 580 வந்தது. 1995-இல் நிறுவனத்தின் 50-ஆம் ஆண்டுக்காக அதையே உலோக வலைமூடி போட்டு ஜூபிலி என்ற பெயரில் விட்டார்கள். அந்த ஜூபிலிதான் 1997-இல் எச்.டி. 600 ஆனது. பின்னால் எச்.டி. 800-ஐயும் வடிவமைத்த ஆக்செல் கிரெல் இந்த வரிசைக்குப் பின்னால் இருந்த பொறியாளர். நீண்ட காலம் அயர்லாந்தின் டுல்லமோர் ஆலையில் இவை தயாராயின. 2022-இல் சென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு ஸ்விட்சர்லாந்தின் சொனோவாவுக்குக் கைமாறியது. காது கேட்கும் கருவிகள் செய்யும் நிறுவனம் அது. மாடல் மட்டும் தொடர்ந்தது.

காது செய்யும் வேலை

ஒரு நல்ல ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் வெளியிட வேண்டும் என்பார்கள், அது சரிதான். செவிப்பறை அருகே அதே மாதிரி நேர்கோடாக அளவு காட்டும் ஒரு ஹெட்போனைச் செய்து மாட்டிப் பாருங்கள், போர்வைக்குள் இருந்து பாடுவது போலிருக்கும். காரணம் நம் காதின் வடிவம். வெளியிலிருந்து வரும் ஒலியைத் தோள், தலை, காதுமடல், காதுக்குழாய் எல்லாம் சேர்ந்து மாற்றித்தான் செவிப்பறைக்கு அனுப்புகின்றன. குறிப்பாக 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை 10 டெசிபலுக்கும் மேல் தூக்கிவிடுகின்றன. பிறந்ததிலிருந்து நாம் கேட்ட ஒவ்வொரு குரலும் அந்த மேட்டோடுதான் மூளைக்குப் போயிருக்கிறது. அதைத்தான் மூளை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஹெட்போன் காதின் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வதால் அந்த மேடு தானாக அப்படியே கிடைக்காது. பொறியாளர் கணக்குப் போட்டு அதைத் திருப்பி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் பாட்டு மங்கும், கூட்டி வைத்தால் காதைக் குத்தும், இடம் தள்ளி வைத்தால் குரலின் நிறமே மாறிவிடும்.

எவ்வளவு மேடு சரி என்பதில் பல வருடம் ஆளுக்கொரு கருத்து இருந்தது. 2010-களில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவ், டாட் வெல்டி இருவரும் கேட்பவர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டினால் எடையையும் காதைச் சுற்றி அமரும் பேடின் மெத்தென்ற தன்மையையும் வைத்தே ஆள் கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒரே ஹெட்போனை மாட்டிவிட்டு, மற்ற ஹெட்போன்களின் ஒலிச்சாயலை, அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பதை, மென்பொருள் வழியாக அதில் கொண்டுவரும் முறையையும் சோதனைகளில் கையாண்டார்கள். எந்தக் கம்பெனி, என்ன விலை என்று தெரியாமல் ஒலியை மட்டும் வைத்து மதிப்பெண் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விரும்பியது, நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் காதில் ஏற்படுத்தும் ஒலியை ஒட்டி, பேஸ் எனும் தாழ்ந்த அதிர்வெண்கள் கொஞ்சம் தூக்கலாக இருந்த ஒன்றை. அதைத்தான் இன்று ஹார்மன் கர்வ் என்கிறார்கள்.

எச்.டி. 600-இன் அளவீட்டை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால் 200 ஹெர்ட்ஸிலிருந்து மேலே பெரும்பகுதி ஒட்டியே போகும். ஹார்மன் ஆய்வுக்குப் பதினைந்து வருடம் முன்னால் வந்த ஹெட்போன் இது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. பேஸ் மட்டும் கீழே சரிந்துவிடும்.

விலைக்கும் ஒலிச்சாயலுக்கும் என்ன உறவு? 2017-இல் ஜெரோன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு வைத்துப் பார்த்தார். அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு, இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பது. விலை கூடக் கூட எல்லோரும் ஒரே இலக்கை நோக்கிப் போகவில்லை. விலைக்கு விலை ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். எல்லா விலையுயர்ந்த ஹெட்போனும் வீண் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதிக விலை கொடுத்தால் சரியான ஒலிச்சாயல் தானாக வந்துவிடும் என்று நம்பவும் முடியாது.

குரலுக்கு இது ஏன் பொருந்துகிறது

நான் அதிகம் கேட்பது கர்நாடக இசை, அதிலும் வாய்ப்பாட்டு. அதில் இந்த 3,000 ஹெர்ட்ஸ் விவகாரம் எங்கே போய் நிற்கிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடும் பாடகிக்கு மத்திம ஸ்தாயி ஷட்ஜம் 208 ஹெர்ட்ஸ். அவர் தாரஸ்தாயி பஞ்சமத்தைத் தொடும்போது அது 623 ஹெர்ட்ஸ். ஒரு சுரம் ஒலிக்கும்போது அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கும்; இந்தச் சுரத்தின் ஐந்தாம் மடங்கு 3,100 ஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. அதாவது அவர் குரலின் பளபளப்பு சரியாகக் காது மிகவும் கூர்மையாக இருக்கும் இடத்தில் வந்து விழுகிறது. அந்த இடத்தில் ஹெட்போன் 4 டெசிபல் கூடுதலாகக் கொடுத்தால் மேல் பஞ்சமத்தில் நிற்கும்போதெல்லாம் முகம் சுளிக்கும். 4 டெசிபல் குறைத்தால் பாடகி இரண்டடி பின்னால் போய்விடுவார், வயலின் முன்னால் வந்துவிடும். எச்.டி. 600-இல் அந்தப் பிரச்சினை இல்லை. கார்வைகளில் குரல் தேய்வதும், மூச்சு வாங்கும் இடமும், தம்பூராவின் ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரமும் தனித்தனியாக, அதே நேரம் ஒன்றோடொன்று சேர்ந்து கேட்கும். ஒரு ராகம் முழுக்க ஆலாபனையாகக் கேட்டுவிட்டுக் கழற்றினால் காது சோர்ந்திருக்காது. விலை இதைவிடப் பல மடங்கான சிலவற்றில் அரை மணிக்கு மேல் என்னால் உட்கார முடிந்ததில்லை.

மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி 100 ஹெர்ட்ஸை ஒட்டிப் பேசும். அந்த இடம் வரைக்கும் எச்.டி. 600 முழுதாகத் தரும். கும்கி விழும் இடத்தில் அந்த அழுத்தமும் வளைவும் நன்றாகவே தெரியும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் கை விட்டுவிடுகிறது. பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி கிட்டாரில் 31 ஹெர்ட்ஸ். இன்றைய திரைப்பாடல்களில் சிந்தசைசர் பேஸ் அதற்கும் கீழே ஓடுகிறது. அந்தப் பாடல்களை இதில் கேட்டால் அடித்தளம் இல்லாத வீடு மாதிரியான உணர்வு வரும் என்று பலர் சொல்வது நியாயமான குறைதான். ஈக்குவலைசரில் ஓரளவுக்குத் தூக்கலாம். ஆனால் திறந்த கிண்ணத்துக்குள் இந்தச் சின்ன டிரைவர் தள்ளக்கூடிய காற்றுக்கு எல்லை இருக்கிறது, சத்தத்தைக் கூட்டினால் தடுமாறும்.

இன்னொரு குறை மேடை, அதாவது ஒலிகள் நம்மைச் சுற்றி எங்கெங்கே பரந்து நிற்கின்றன என்ற உணர்வு. ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போகிறது, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மெலிந்து. மூளை அதை வைத்துத்தான் ஒலி எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்கிறது. ஹெட்போனில் இடதின் ஒலி இடது காதோடு நின்றுவிடுகிறது. அதனால் பாட்டு தலைக்குள்ளேயே நடக்கிறது. 1961-லேயே பெஞ்சமின் பாயர் என்பவர் ஒரு பக்க ஒலியைக் கொஞ்சம் மறுபக்கம் கலந்து இதைச் சரிசெய்யும் மின்சுற்றை எழுதிக் காட்டிவிட்டார். கிராஸ்ஃபீட் என்ற பெயரில் இன்றும் பல ஆம்ப்களில், பிளேயர்களில் அந்த வசதி இருக்கிறது. எச்.டி. 600-இல் இந்தக் குறை வெளிப்படையாகவே தெரியும். இடது, வலது, நடு என்று மூன்று இடத்தில் ஒலி குவிந்து நிற்கும், நடுவில் இடைவெளி விழும். பெரிய ஆர்கெஸ்ட்ரா கேட்கிறவர்கள் சீக்கிரம் வேறொன்றைத் தேடிப் போவது இதனால்தான்.

இன்னும் காசு கொடுத்தால் என்ன வரும்

2009-இல் அதே சென்ஹைசர் எச்.டி. 800-ஐக் கொண்டுவந்தது. 56 மில்லிமீட்டர் டிரைவர், நடுவில் ஓட்டை விட்ட வளைய வடிவச் சவ்வு. அதைக் காதிலிருந்து தள்ளி, முன்பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள், ஒலி காதுமடலில் பட்டு உள்ளே போகும்படி. அதன் பலன் மாட்டிய உடனே தெரியும். வாத்தியங்கள் தலைக்கு வெளியே, அகலமாக, தனித்தனி இடத்தில் வந்து உட்காரும். கூடவே 6,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூரான எழுச்சியும் வந்தது. 2016-இல் வந்த எச்.டி. 800 எஸ் அதை அடக்கியது. மேடைக்காகக் காசு கொடுக்க விரும்புகிறவர்களுக்கு இது நேர்மையான செலவு. ஆனால் நீங்கள் கேட்பது ஐம்பதுகள், அறுபதுகளின் கச்சேரிப் பதிவுகள் என்றால் அவை பெரும்பாலும் மோனோ, இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. மோனோவுக்கு அகலம் ஏது? எவ்வளவு விலை கொடுத்தாலும் அரியக்குடி காலத்துப் பதிவு தலையின் நடுவில்தான் நிற்கும். நம் ஆட்களில் பலர் இதை யோசிக்காமலேயே மேடைக்காகப் பெரிய தொகையைக் கொட்டிவிட்டு ஏமாறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது பிளேனர் வகை. சாதாரண டிரைவரில் கூம்பின் நடுவில் ஒட்டிய கம்பிச்சுருளைக் காந்தம் தள்ளும். பிளேனரில் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேலேயே மின்பாதை அச்சாகியிருக்கும், காந்தங்கள் அதற்கு வரிசையாக நிற்கும், படலம் முழுவதும் ஒன்றாக அசையும். யமாஹா 1976-லேயே எச்.பி. 1 என்ற பெயரில் இதைச் செய்தது. நடுவில் பல வருடம் மறந்துபோயிருந்த இந்த முறைக்கு, 2010-ஐ ஒட்டி கலிபோர்னியாவின் ஆடிஸி எல்.சி.டி. 2 போன்றவை மறுபடி உயிர் கொடுத்தன. சீனாவின் ஹைஃபைமேன் நிறுவனமும் அதே பாதையில் போய் 2017-இல் 6,000 டாலர் விலையில் சுஸ்வாராவைக் கொண்டுவந்தது. பிளேனரின் பெரிய பலம் பேஸ். பேட் நன்றாகப் பொருந்தினால் 30 ஹெர்ட்ஸ், அதற்கும் கீழே வரை சரியாமல் நேராகப் போகும். தவில் சேர்ந்த பதிவையோ இன்றைய திரைப்பாடலையோ அதில் கேட்டால் எச்.டி. 600 எதை விட்டுவிட்டது என்பது புரியும். அதற்குக் கொடுக்கும் விலை எடைதான். எச்.டி. 600 வெறும் 260 கிராம். ஆடிஸியின் பெரிய மாடல்கள் 600 கிராமைத் தாண்டும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் அந்த வித்தியாசத்தைக் கழுத்து சொல்லும். நல்லவேளையாக, இப்போது 300, 400 டாலருக்குள்ளேயே நல்ல பிளேனர்கள் வந்துவிட்டன. பேஸுக்காக ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டிய காலம் முடிந்தது.

எலெக்ட்ரோஸ்டாட்டிக் தனி உலகம். ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-லிருந்து இதைச் செய்துவருகிறது. சவ்வு முடியைவிடப் பல மடங்கு மெல்லியது, அதில் 580 வோல்ட் நிலைமின்னழுத்தம் ஏற்றி, இரண்டு பக்கமும் உள்ள உலோகத் தட்டுகளின் மின்புலம் அதை இழுக்கிறது. தனி ஆம்ப் இல்லாமல் சத்தமே வராது. அசைய வேண்டிய நிறை ஏறக்குறைய இல்லாததால், தம்பூராவின் ரீங்காரத்தில் இருக்கும் நுணுக்கங்களை இதைப் போல் நான் வேறெதிலும் கேட்டதில்லை. பிரான்சின் ஃபோக்கல் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த யூட்டோபியா வழக்கமான டிரைவர்தான், ஆனால் சவ்வு பெரிலியம் என்ற மிக லேசான, விறைப்பான உலோகம். அப்போது 3,999 டாலர். மிருதங்கத்தின் சாப்பு அதில் விழும்போது இருக்கும் உடனடித்தன்மை உண்மையானது. ஆனால் கேட்ட மறுநாள் எச்.டி. 600-க்குத் திரும்பினால் பாட்டு கெட்டுப்போனதாகத் தோன்றாது. குரல் அதே குரல்தான்.

உச்சியில் எச்.இ. 1 இருக்கிறது. ஆர்ஃபியஸின் வாரிசாக 2015-இல் அறிவித்தார்கள். கராரா சலவைக்கல்லில் குடைந்த ஆம்ப், எட்டு வால்வுகள், அறிவித்தபோது விலை சுமார் 50,000 யூரோ. அதைப் பற்றி இங்கே அதிகம் பேசிப் பயனில்லை.

ஆம்ப் வேண்டுமா வேண்டாமா

எச்.டி. 600 வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அதன் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் எழுப்பும். செல்போனில் செருகும் சின்ன டாங்கிள்களில் பல தருவது 1 வோல்ட் அளவில்தான். 97 டெசிபல் போதுமே என்று தோன்றும். ஆனால் அது பதிவின் உச்சக்கட்ட அளவுக்கான கணக்கு. திரைப்பாடல்களை உச்சத்தை ஒட்டியே சத்தமாக அமுக்கிப் பதிவு செய்கிறார்கள், அதற்கு இந்த டாங்கிள் போதும். கச்சேரிப் பதிவுகளில் சராசரி அளவு உச்சத்தைவிட 20, 25 டெசிபல் கீழே இருப்பது சகஜம். அப்போது காதுக்கு வருவது 75 டெசிபலை ஒட்டித்தான், வால்யூமை முழுதாக வைத்த பிறகும். ஆலாபனையில் குரல் தணியும் இடங்கள் கையை மீறிப் போகும். 4 அல்லது 5 வோல்ட் தரும் எந்தச் சாதாரண மேசை ஆம்பும் இந்தக் குறையைத் தீர்த்துவிடும்; அதற்குத் தேவைப்படும் மின்திறன் 100 மில்லிவாட்டைக்கூடத் தொடாது.

சுஸ்வாரா வேறு மாதிரி. அதன் இம்பீடன்ஸ் 60 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். 110 டெசிபல் உச்சத்தைத் தொட வேண்டுமானால் 27 டெசிபல் ஏற வேண்டும், அதாவது 500 மடங்கு திறன், அரை வாட். இதற்குத்தான் பெரிய ஆம்ப். ஓம் அதிகம் என்றால் ஓட்டக் கடினம் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். 60 ஓம் சுஸ்வாரா 300 ஓம் எச்.டி. 600-ஐவிடப் பல மடங்கு பிடிவாதமானது.

வால்வு ஆம்பில் எச்.டி. 600 கனிவாக ஒலிக்கும் என்று பலர் சொல்வார்கள். அது கற்பனை இல்லை, அதற்கு எளிய காரணம் உண்டு. 300 ஓம் என்பது பெயரளவுக்கு. 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் இம்பீடன்ஸ் 500 ஓமைத் தாண்டி ஏறுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 100 ஓமை ஒட்டி இருப்பது வழக்கம். 120 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 300 ஓம் இருக்கும் இடத்தில் ஹெட்போனுக்குக் கிடைப்பது ஆம்பின் மின்னழுத்தத்தில் 71 சதவீதம். 550 ஓமாக ஏறிய இடத்தில் 82 சதவீதம். இரண்டுக்கும் வித்தியாசம் 1 டெசிபலுக்குச் சற்று மேல். அந்த ஒரு டெசிபல் பேஸ் ஏற்றம்தான் கனிவின் பெரும்பங்கு என்பது என் கருத்து. பிடித்திருந்தால் தாராளமாக வால்வு வாங்கலாம், சிவந்து ஒளிரும் வால்வைப் பார்த்துக்கொண்டே கேட்பது இனிமையான விஷயம். ஈக்குவலைசரில் அதே இடத்தைத் தூக்கியும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேபிளைப் பற்றி ஒரே வரி: அறுந்துபோகாமல், சரியான பின்னோடு இருந்தால் போதும். டிஜிட்டல் பதிவை ஒலிக்கான மின்குறிப்பாக மாற்றும் டேக் எனப்படும் கருவிகளுக்கும் இன்று பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது சத்தத்தின் அளவு. இரண்டில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே, அதைச் சத்தமாக இருப்பதாக உணரமாட்டோம், தெளிவாக இருப்பதாகத்தான் உணர்வோம். விற்பவர் அளவைச் சமப்படுத்தாமல் மாற்றி மாற்றி மாட்டிவிட்டால், எது சத்தமோ அது ஜெயிக்கும். அப்புறம் காதின் நலம். பணியிடங்களுக்காக அமெரிக்காவில் வகுத்த பரிந்துரை, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். உலகச் சுகாதார நிறுவனம் பாட்டு கேட்பவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்கிறது. நல்ல ஹெட்போன் கரகரப்பு இல்லாமல் ஏறிக்கொண்டே போகும், எவ்வளவு சத்தம் வைத்திருக்கிறோம் என்பதே தெரியாது. அதனால் விலை உயர்ந்ததை வாங்கினவர்கள்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நம் வீட்டில் வைத்திருப்பது

ஓப்பன்-பேக் ஹெட்போன்கள் குளிர்நாட்டு அமைதியான அறைகளை மனதில் வைத்துப் பிறந்தவை. சென்னையில் மே மாதம் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பது நடக்கிற காரியமா? விசிறியின் இரைச்சல் திறந்த கிண்ணம் வழியாக அப்படியே உள்ளே வந்து, பதிவில் இருக்கும் மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய நுணுக்கம் முதலில் போவது அங்கேதான். விசிறியை மெதுவாக வைத்து, அதிலிருந்து தள்ளி உட்காருவது எந்தப் புது ஆம்பையும்விடப் பெரிய முன்னேற்றம் தரும். ஏசி அறை இருப்பவர்களுக்கு இரவில் கொஞ்சம் பரவாயில்லை. வீட்டில் எந்நேரமும் ஆள் நடமாட்டம், தெருச்சத்தம் என்றால், மனதைத் தேற்றிக்கொண்டு நல்ல மூடிய ஹெட்போன் வாங்குவதே புத்திசாலித்தனம். ஒலிச்சாயலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் கேட்பது அதிகமாக இருக்கும். இன்னொன்று, ஓப்பன்-பேக்கில் அழைப்புமணியும் குழந்தையின் அழுகையும் கேட்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது பெரிய ஆறுதல்.

பேடு விஷயத்தில் நம் வெக்கையும் ஈரமும் கறாரானவை. செயற்கைத் தோல் பேடுகள் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் சில வருடத்தில் உரிய ஆரம்பித்து, கறுப்புச் செதில்களாகக் காதிலும் கன்னத்திலும் ஒட்டும். வெல்வெட் மாதிரியான துணி பேடு உரியாது, காற்றும் புகும், ஆனால் வியர்வையைக் குடித்துக்கொள்ளும். பேடு அமுங்க அமுங்க டிரைவர் காதை நெருங்குகிறது, அதோடு ஒலிச்சாயலும் மாறுகிறது. பழகப் பழக ஹெட்போன் மெருகேறும் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தப் பேடின் வேலை என்று நினைக்கிறேன். நாளெல்லாம் கேட்கிறவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பேடு போட்டால் பழைய ஒலி திரும்பி வரும். கண்ணாடி அணிகிறவர்கள் மூடிய ஹெட்போனில் கவனிக்க வேண்டியது, கண்ணாடிக் கம்பி பேடைத் தூக்கும் இடைவெளியில் பேஸ் ஒழுகிப்போகும்.

எச்.டி. 600 இத்தனை வருடம் நிலைத்ததற்கு ஒலியோடு சேர்ந்த இன்னொரு காரணமும் இங்கேதான் இருக்கிறது. பேடு, தலைப்பட்டை நுரை, வலைமூடி, கேபிள், டிரைவர் வரை எல்லாம் கையாலேயே கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார்கள். கேபிள் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் செருகும் வகை. உதிரி பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன. பசை போட்டு ஒட்டி, மின்கலம் செத்தால் மொத்தமாகத் தூக்கிப் போடும் இன்றைய புளூடூத் ஹெட்போன்களோடு ஒப்பிட்டால், இப்படிச் செய்வதற்கு ஒரு நிறுவனம் முன்வந்தது பாராட்ட வேண்டிய விஷயம். புதிதாக வாங்கினவர்களுக்கு முதல் சில வாரம் பிடி இறுக்கமாக இருக்கும். அது வந்த பெட்டியின் மேலேயே இரவில் மாட்டி வைத்தால் மெல்லத் தளரும்.

பழையது வாங்குகிறவர்களுக்கும் இந்த அமைப்பு வசதி. தட்டையாகிப்போன பேடைப் பார்த்து பயப்பட வேண்டாம், மாற்றிவிடலாம். ஒரு மோனோ பதிவைப் போட்டு, குரல் சரியாக நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் கேபிளை இடம் மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். சாய்வும் கூடவே மாறினால் கோளாறு கேபிளிலோ அதற்கு முன்னால் உள்ள ஆம்பிலோதான், மாறாவிட்டால்தான் டிரைவர். பேஸ் வரும்போது மட்டும் ஒரு பக்கம் கரகரவென்றால் உடனே டிரைவர் போய்விட்டது என்று முடிவுகட்டி விலை பேசவோ திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம். பேடையும் அதன் உள்ளிருக்கும் மெல்லிய நுரைத்தட்டையும் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், பல சமயம் ஒரு தலைமுடி உள்ளே போய்ச் சவ்வை உரசிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் கரகரப்பு நின்றுவிடும்.